சமையலறையைக் கேள்வி கேட்ட சார்லட் பேர்க்கின்ஸ் கில்மன்

எமது கல்லூரியில் மனைப்பொருளியல் படித்தவர்களுக்கு அந்த அறையின் நீண்ட மேசையும் அளவுக் கரண்டிகளும் இன்றும் நினைவில் இருக்கும். உணவு பரிமாறும் முறை, கறை நீக்கும் முறை, ஒரு குடும்பத்தின் மாதச் செலவுத் திட்டம் என்று பலவற்றை அங்கே கற்றோம். அந்தச் செலவுத் திட்டத்தில் அரிசிக்கு ஓர் இடம் இருந்தது; விறகுக்கு ஓர் இடம் இருந்தது; பாலுக்கும் சலவைக்கும் தனித்தனி இடங்கள் இருந்தன. அரிசியைக் களைந்து, விறகை மூட்டி, பாலைக் காய்ச்சி, சலவைக் கணக்கையும் பார்க்கும் பெண்ணுக்கு மட்டும் அதில் இடம் இருக்கவில்லை. நாமும் அதைக் கவனிக்கவில்லை. திட்டத்தை அழகாகக் கோடு போட்டு எழுதி, நல்ல புள்ளிகளும் பெற்றோம்.

நூற்றாண்டு மலருக்காகப் பெண்மணி ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி சங்கத்தினர் கேட்டபோது, விடுபட்டுப்போன அந்த இடத்தைப் பற்றியே வாழ்நாள் முழுவதும் எழுதிய ஒருவரைத் தெரிவு செய்தோம். அவர் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த சார்லட் பேர்க்கின்ஸ் கில்மன். ஆங்கில இலக்கியம் கற்ற சகோதரிகள் அவரை 'மஞ்சள் சுவர்க்கடதாசி' என்னும் சிறுகதையின் ஆசிரியராக அறிவர். தமது காலத்தில் அவர் அந்தக் கதையைவிட, வீட்டுவேலையைப் பற்றிய பொருளாதார நூலொன்றுக்காகவே உலகெங்கும் பேசப்பட்டார்.

சார்லட் 1860ஆம் ஆண்டு யூலை 3ஆந் திகதி கனெற்றிக்கட் மாநிலத்தின் ஹாட்போட் நகரில் பிறந்தார். தந்தை வழியில் பெயர்பெற்ற பீச்சர் குடும்பம். 'அங்கிள் டொம்ஸ் கபின்' நாவலை எழுதிய ஹரியற் பீச்சர் ஸ்ரோ இவருக்குப் பாட்டி முறை. ஹரியற்றின் தமக்கை கதரின் பீச்சர் பெண்கல்விக்காக உழைத்தவர்; வீட்டுப் பொருளியலைப் பாடமாக வகுத்து நூல்கள் எழுதியவர். 1869இல் சகோதரிகள் இருவரும் சேர்ந்து வெளியிட்ட நூலில், சமையலறையில் மாப்பெட்டி எங்கே இருக்க வேண்டும், அடுப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதுவரை திட்டமிட்டுக் காட்டியிருந்தனர். நாம் படித்த மனைப்பொருளியலின் மூதாதையரில் கதரின் ஒருவர் என்று சொல்லலாம். அவர் திருமணமே செய்துகொள்ளவில்லை என்பது வேறு விடயம். பாட்டி சமையலறையை ஒழுங்குபடுத்தினார். பேத்தி அது வீட்டுக்குள் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்டார்.

குடும்பப் பெயர் பெரிதாயினும் சார்லட் வளர்ந்தது வறுமையில்தான். தந்தை பிரெடரிக் பேர்க்கின்ஸ் நூலகர், பத்திரிகை எழுத்தாளர். சார்லட் குழந்தையாக இருந்தபோதே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். எப்போதாவது சிறிது பணம் வரும். சில வேளைகளில் வாசிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் வரும். தாய் மேரி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உறவினர் வீடுகளில் மாறி மாறித் தங்கினார். 18 ஆண்டுகளில் 19 தடவை வீடு மாறியதாகச் சார்லட் கணக்கிட்டுள்ளார். கைவிடப்பட்ட அந்தத் தாய் தமது மனத்தை இறுக்கிக்கொண்டார். அன்புக்கு ஏங்கித் தம்மைப் போல் மகளும் துன்பப்படக் கூடாது என்று எண்ணி, விழித்திருக்கும் வேளையில் அவர் மகளை அணைப்பதில்லை. சிறுமி தூங்குவது போலப் பாசாங்கு செய்து அந்த அணைப்பைப் பெற்றுக்கொள்வாளாம். வீட்டுவேலை தவிர வேறொன்றும் கற்றிராத ஒரு பெண், உழைப்பவர் போய்விட்டால் என்ன ஆவாள் என்பதைச் சார்லட் நூலில் படித்து அறியவில்லை. தாயின் முகத்தைப் பார்த்தே அறிந்தார்.

ஆகவே தாம் உழைக்க வேண்டும் என்று இளமையிலேயே தீர்மானித்தார். றோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளி தொடங்கிய காலத்திலேயே அங்கு சேர்ந்து ஓவியம் பயின்றார். சவர்க்காரம் போன்ற பொருட்களின் விளம்பர அட்டைகளுக்குப் படம் வரைந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சென்று ஓடினார், உடலை வலுப்படுத்தினார். இருபத்தொரு வயதில் சார்ள்ஸ் வோல்ரர் ஸ்ரெற்சன் என்னும் இளம் ஓவியரைச் சந்தித்தார். அவர் திருமணம் பேசியபோது சார்லட் உடனே சம்மதிக்கவில்லை. மனைவியாகவும் தாயாகவும் இருந்துகொண்டு தமது வேலையையும் செய்ய முடியுமா என்ற ஐயம் அவருக்கு இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தயங்கி, 1884 மே மாதத்தில் மணம் செய்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் மகள் கதரின் பிறந்தாள். பாட்டியின் பெயர்தான்.

இனி நாம் சொல்லப்போவது சற்று நின்று கவனிக்க வேண்டிய பகுதி. வோல்ரர் கொடிய கணவர் அல்லர். குடிப்பவரும் அல்லர், கை நீட்டுபவரும் அல்லர். மனைவி சோர்ந்தபோது வீட்டுவேலையில் அவர் மேலும் மேலும் கைகொடுத்தார் என்று சார்லட்டே தமது தன்வரலாற்றில் நன்றியோடு எழுதியிருக்கிறார். பிள்ளை நல்ல பிள்ளை. வீடு அழகான வீடு. உதவிக்கு ஆளும் இருந்தாள். அப்படியிருந்தும் சார்லட் நாளுக்கு நாள் உருக்குலைந்தார். குழந்தையைத் தூக்கினால் கண்ணீர் வழிந்தது. எழுத முடியவில்லை, வரைய முடியவில்லை. 1885இன் குளிர்காலத்தில் கலிபோர்ணியாவின் பசடினாவில் இருந்த தோழி கிறேஸ் சானிங் குடும்பத்தாரிடம் தனியே சென்றார். அங்கு நோய் நீங்கியது போல் இருந்தது. வீடு திரும்பியதும் மறுபடி தொடங்கிற்று. சுகம் எங்கே கிடைக்கிறது, நோய் எங்கே வருகிறது என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது. ஆனால் நல்ல கணவரையும் குழந்தையையும் விட்டுப் போவதற்கு அது போதிய காரணமாகுமா? அந்தக் காலத்தில் அதைக் காரணம் என்று எவரும் ஏற்றிருக்க மாட்டார்கள். இக்காலத்திலும் எத்தனை பேர் ஏற்பார்கள் என்று சொல்வதற்கில்லை.

1887இல் பிலடெல்பியாவுக்குச் சென்று, நரம்பு நோய்க்குப் பெயர்போன வைத்தியர் வெயர் மிச்சலிடம் சிகிச்சை பெற்றார். ஓய்வுச் சிகிச்சை என்பது அதன் பெயர். ஒரு மாதம் படுக்கையில் கிடத்தி, நன்றாக உணவூட்டி, பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் பின்பற்றுவதற்கும் வைத்தியர் கட்டளைகள் கொடுத்தார். இயன்றவரை வீட்டோடு வாழ வேண்டும். குழந்தை எப்போதும் கூடவே இருக்க வேண்டும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும். மூளைக்கு வேலை தருவது நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது. பேனாவையோ தூரிகையையோ வாழ்நாளில் தொடக் கூடாது. எந்த வாழ்க்கை நோயைத் தந்ததோ அதையே மருந்தாக எழுதிக்கொடுத்தார் வைத்தியர். சார்லட் சில மாதங்கள் அதற்குக் கீழ்ப்படிந்தார். துணிப் பொம்மை ஒன்று செய்து கதவுப்பிடியில் தொங்கவிட்டு விளையாடும் நிலைக்கும், கட்டிலுக்கடியில் தவழ்ந்து ஒளியும் நிலைக்கும் வந்தார். புத்தி பேதலிப்பதற்குச் சற்று முன்னே, கணவரும் மனைவியும் பிரிவதென்று இருவருமாக முடிவு செய்தனர்.

1888இல் மகளோடு பசடினாவுக்குப் போனார். அங்கேதான் எழுத்து பெருகிற்று. 1890இல் எழுதி 1892இல் வெளிவந்த 'மஞ்சள் சுவர்க்கடதாசி', கணவரின் அன்பான கட்டளையால் ஓர் அறையில் ஓய்வெடுக்க வைக்கப்பட்ட பெண் மெல்ல மெல்லப் பித்துக்கொள்வதைச் சொல்லும் கதை. அதன் பிரதியொன்றை வைத்தியர் மிச்சலுக்கு அனுப்பி வைத்தார். பதில் வரவில்லை.

ஆனால் விடுதலை என்பது வேலையில்லாத வாழ்வாக வரவில்லை. ஓக்லண்டில் சாப்பாட்டுடன் கூடிய தங்குவிடுதி ஒன்றை நடத்தினார். தங்கியிருப்போருக்குச் சமையல் நடக்க வேண்டும். புற்றுநோயால் படுத்திருந்த தாயைப் பராமரிக்க வேண்டும். மகளைப் பார்க்க வேண்டும். இடையில் கட்டுரையும் விரிவுரையும் எழுத வேண்டும். எந்த வேலையிலிருந்து தப்பி ஓடினாரோ அதையே பல மடங்காகச் செய்தார். ஒரு வேறுபாடு மட்டும் இருந்தது. இங்கே அதே சோற்றுக்கும் அதே துடைப்புக்கும் காசு கிடைத்தது. வீட்டுக்குள் செய்தால் அன்பு, வெளியாருக்குச் செய்தால் தொழில் என்பதன் விசித்திரத்தை அவர் தமது கையாலேயே அறிந்தார். தாய் 1893இல் காலமானார்.

1894இல் விவாகரத்துக் கிடைத்தது. அதே ஆண்டு வோல்ரர், சார்லட்டின் உயிர்த்தோழியான கிறேஸ் சானிங்கை மணந்தார். சார்லட் தோழியோடு முகம் முறிக்கவில்லை. மாறாக, ஒன்பது வயது மகளை அவர்கள் இருவரிடமும் வளர அனுப்பிவைத்தார். தகப்பனுக்கும் பிள்ளை மேல் உரிமை உண்டு, பிள்ளைக்கும் தகப்பன் வேண்டும், கிறேஸ் நல்ல தாயாக இருப்பாள் என்பன அவர் சொன்ன நியாயங்கள். பத்திரிகைகள் அவரைக் குதறின. தாய்மை உணர்ச்சியற்றவள் என்றன. பிள்ளையை விட்டுப் போன அவரது தந்தையைப் பற்றி எந்தப் பத்திரிகையும் அப்படி எழுதியதில்லை. எனினும் அந்தப் பிரிவு இலேசானதல்ல. புகையிரதத்தில் மகளை ஏற்றிவிட்ட காட்சியை நினைத்துப் பல்லாண்டுகளுக்குப் பின்னும் அழுததாக அவர் எழுதியுள்ளார். மகளுக்கும் அந்தக் காயம் ஆறவில்லை. இவ்விடயத்தில் எம்மில் சிலர் சார்லட்டின் பக்கம், சிலர் மகளின் பக்கம். எழுதும்போது எமக்குள் ஒற்றுமை ஏற்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அதன்பின் சில ஆண்டுகள் வீடின்றி ஊர் ஊராகச் சென்று விரிவுரை நிகழ்த்தினார். 1895இல் சிக்காக்கோவில் ஜேன் அடம்ஸ் அம்மையாரின் 'ஹல் ஹவுஸ்' இல்லத்தில் தங்கினார். படித்த பெண்கள் பலர் ஒன்றாக வாழ்ந்து, பொதுச் சாப்பாட்டறையில் உண்டு, தத்தம் பணிக்குச் சென்று வந்த இடம் அது. தனித்தனி அடுப்பு இல்லாமலும் ஒரு வீடு வீடாக இருக்க முடியும் என்பதை அங்கே கண்ணால் கண்டார்.

1898இல் 'பெண்களும் பொருளாதாரமும்' வெளிவந்தது. ஏழு மொழிகளில் பெயர்க்கப்பட்ட அந்நூலின் வாதம் எளிமையானது. உணவுக்கு ஆணையே நம்பியிருக்கும் பெண்ணினம் மனிதரில் மட்டுமே உண்டு என்பது அதன் தொடக்கம். மனைவி வீட்டில் உழைத்தே தன் சோற்றைச் சம்பாதிக்கிறாள் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படியானால் கூடுதலாக உழைப்பவளுக்குக் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் அல்லவா என்று சார்லட் கேட்டார். நடப்பதோ தலைகீழ். விடிய முன் எழும்பி இரவுவரை உழைக்கும் ஏழையின் மனைவிக்குக் கிடைப்பது மிகச் சிறிது; ஒரு துரும்பையும் எடுத்துப் போடாத செல்வந்தரின் மனைவிக்குக் கிடைப்பது மிகப் பெரிது. எனவே மனைவிக்குக் கிடைப்பது அவள் வேலைக்கான கூலியன்று. கணவனின் வருமானத்துக்கும் மனத்துக்கும் ஏற்றபடி வருவதே அது. குதிரையும் நாள் முழுவதும் உழைக்கிறது. அதற்கும் தீனி கிடைக்கிறது. அதனால் குதிரை சொந்தக்காலில் நிற்கிறது என்று யாரும் சொல்வதில்லை. கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது போன்ற இந்த வாதத்துக்கு இன்றும் சரியான மறுமொழி வந்ததாக எமக்குத் தெரியவில்லை.

பரிகாரமாக அவர் சொன்னது அக்காலத்தவர்களைத் திடுக்கிட வைத்தது. சமையலும் துப்புரவும் சலவையும் தனித்தனித் தொழில்கள். அவற்றைப் பயின்றவர்கள் சம்பளத்துக்குச் செய்யட்டும் என்றார். நெசவும் தையலும் மெழுகுதிரி வார்ப்பும் ஒரு காலத்தில் வீட்டுவேலைதானே, அவை வெளியேறியதால் குடும்பம் அழிந்துவிடவில்லையே என்று கேட்டார். உழைக்கும் பெண்கள் குடும்பத்தோடு வாழும் மாடிக் கட்டடங்களில் வீடுகளுக்குச் சமையலறை வேண்டாம். கீழே பொதுச் சமையலறை ஒன்று போதும். குழந்தைகளைப் பார்க்கப் பயிற்றப்பட்டவர்கள் கட்டடத்திலேயே இருக்கட்டும் என்றார். 1903இல் 'வீடு' பற்றித் தனி நூலே எழுதினார். உலகில் எல்லாம் வளர்ந்துவிட்டன, வீடு மட்டும் வளரவில்லை என்பது அதன் சாரம்.

சொன்னபடி வாழ்ந்தும் பார்த்தார். 1900இல் தம்மைவிட ஏழு வயது இளையவரும் உறவினருமான ஹோட்டன் கில்மன் என்னும் சட்டத்தரணியை மணந்தார். சமையலறை தமக்கு ஒத்துவராது என்பதைத் திருமணத்துக்கு முன்னரே கடிதங்களில் எழுதியிருந்தார். நியூயோர்க்கில் குடியிருந்த இருவரும் அயலிலிருந்த விடுதியொன்றில் சாப்பிட்டார்கள். மகளும் இடையிடையே வந்து அவர்களோடு தங்கினாள். முதல் மணத்தில் இல்லாத அமைதி இந்த மணத்தில் 34 ஆண்டுகள் நிலைத்தது.

1909 முதல் 1916 வரை 'முன்னோடி' என்ற மாதாந்த சஞ்சிகையைத் தனியொருவராக எழுதி வெளியிட்டார். கதை, கவிதை, கட்டுரை, தொடர்நாவல் எல்லாம் அவருடைய கைதான். ஆண்களே இல்லாத நாடொன்றைக் கற்பனை செய்த 'ஹேர்லண்ட்' அதில் 1915இல் வந்தது. எமக்குப் பிடித்தது அதற்கு முன்னே வந்த 'டயந்தா செய்தது என்ன' என்ற தொடர்நாவல். தன்னை வளர்த்த செலவைத் தகப்பன் சொல்லிக் காட்டும்போது, டயந்தா தான் வீட்டில் செய்த வேலைக்குக் கூலி போட்டு, ஒரு பக்கம் வரவும் மறுபக்கம் செலவுமாகக் கணக்கு எழுதி நீட்டுகிறாள். எமது மனைப்பொருளியல் கொப்பியில் விடுபட்டிருந்த இடம் அங்கே நிரப்பப்பட்டிருக்கிறது! பின்னர் அவள் வேறு ஊருக்குச் சென்று, வீடுகளைத் துப்புரவு செய்யும் பணிப்பெண்களுக்கு மணித்தியாலக் கூலியும் தங்குமிடமும் ஒழுங்கு செய்து, சமைத்த உணவைச் சூடு ஆறாத பெட்டிகளில் மோட்டார் வண்டியில் வீடு வீடாக அனுப்பும் தொழிலை நடத்துகிறாள். காதலனோ, மணமான பெண்ணுக்குத் தொழில் எதற்கு என்று நெடுநாள் முறுக்கிக்கொண்டு நிற்கிறான். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கதை. மாலையில் சந்திக் கடையில் இடியப்பப் பார்சலை வாங்கிக்கொண்டு வேலையால் வீடு திரும்பும் எம்மில் எவரும் டயந்தாவின் வாடிக்கையாளர்தான்.

இனி அவருடைய குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றி 1908இல் அவர் எழுதிய கட்டுரை வெட்கத்துக்குரியது. முன்னேறாதவர்கள் என்று தாம் கருதியவர்களை அரசு படை போல அணிதிரட்டி வேலை வாங்க வேண்டும் என்று அதில் ஆலோசனை கூறினார். குடிவரவாளர் பற்றியும் பிற்காலத்தில் இழிவாக எழுதினார். அன்று அமெரிக்க வீடுகளில் கூலிக்குச் சமைத்தவர்களிலும் துடைத்தவர்களிலும் பெரும் பகுதியினர் கறுப்பினப் பெண்களும் குடிவரவுப் பெண்களுமே. வீட்டுவேலைக்கு மதிப்புக் கேட்டவர், அதைச் செய்துகொண்டிருந்த அந்தக் கைகளை ஒரே மதிப்போடு பார்க்கவில்லை. ஒருத்தி உத்தியோகம் பார்க்கும்போது அவள் வீட்டு அடுப்படியில் நிற்கும் மற்றவள் யார் என்ற கேள்வி எமது வீடுகளுக்கும் புதியதன்று.

இன்னொன்று. வேலையை வீட்டை விட்டு வெளியே அனுப்ப வழி தேடிய சார்லட், வீட்டில் மிஞ்சும் வேலையில் பாதியை ஆண் செய்யட்டும் என்று வற்புறுத்தவில்லை. வோல்ரர் செய்ததை அவர் உதவி என்றே குறித்தார், நன்றியும் சொன்னார். உதவி என்று சொன்னாலே வேலை யாருடையது என்பது தீர்மானமாகிவிடுகிறது. அம்மி போய் மின்னரைப்பான் வந்துவிட்டது. மா இடிப்பது ஆலைக்குப் போய்விட்டது. ஆனாலும் நாளைக்குக் காலையில் என்ன என்று இரவு படுக்கும்போது யோசிக்கும் வேலை எந்த ஆலைக்கும் போகவில்லை; அதைப் பெரும்பாலும் பெண்ணே சுமக்கிறாள். சார்லட் அந்த இடத்தைத் தொடாமல் போனது எமக்கு மனக்குறை.

வாக்குரிமைக்காகவும் அவர் பேசினார். ஆனால் அது மட்டும் போதாது என்ற கருத்துடையவர். அமெரிக்கப் பெண்களுக்கு 1920இல் நாடு முழுவதற்குமான வாக்குரிமை வந்தது. அதற்குப் பின்பு அவருடைய நூல்களை வாசிப்பார் குறைந்தனர். 1922இல் கணவரோடு கனெற்றிக்கட்டில் உள்ள நோர்விச் நகருக்குக் குடிபெயர்ந்து, அங்கே மரக்கறித் தோட்டம் செய்து மகிழ்ந்தார். மண்ணில் வேலை செய்வது அவருக்கு ஒருபோதும் அலுக்கவில்லை. அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1966இல் 'பெண்களும் பொருளாதாரமும்' மறுபடி அச்சேறியது. 1973இல் 'மஞ்சள் சுவர்க்கடதாசி' தனி நூலாக வந்து பல்கலைக்கழகங்களில் பாடமாயிற்று.

1932இல் மார்பில் புற்றுநோய் கண்டிருப்பது தெரியவந்தது. இரண்டு ஆண்டுகளின் பின் ஹோட்டன் திடீரென இறந்தார். சார்லட் பசடினாவுக்குத் திரும்பி, ஓவியராகவும் இரண்டு பிள்ளைகளின் தாயாகவும் இருந்த மகள் கதரினுக்கு அருகில் குடியேறினார். வோல்ரர் 1911இலேயே காலமாகியிருந்தார். சார்லட்டின் நிலையைக் கேள்விப்பட்டுக் கிறேஸ் சானிங் நாட்டின் மறுகரையிலிருந்து புறப்பட்டு வந்து அவருடன் தங்கினார். அந்த மாதங்களில் தன்வரலாற்று நூலின் கடைசி அத்தியாயத்தைச் சார்லட் எழுதி முடித்தார். நோய் முற்றுவதற்குக் காத்திருக்க விரும்பாமல், 1935 ஓகஸ்ட் 17ஆந் திகதி, 75ஆவது வயதில், தமது உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். ஒரே பிள்ளையை மாறி மாறி வளர்த்த தோழியர் இருவரும் அந்தப் பிள்ளையின் அயலில் ஒன்றாகக் கழித்த கடைசிக் காலம் அதுவே.